தேக்காவில் எள்ளும் தண்ணீரும்: மகாளய அமாவாசையையொட்டி ஐந்து நாள்

18 செப்டம்பர் 2025, வியாழன். தேக்கா

காலை ஒன்பதரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் பஃபலோ ரோடு. ஒரு பக்கம் பூக்கடை, ஒரு பக்கம் காய்கறி, நடுவில் வாழையிலைக் கட்டு இறக்கும் லாரி. புரட்டாசி பிறந்து இன்று இரண்டாம் நாள், முன்னோருக்குரிய மகாளய பட்சத்தில் துவாதசி. கையிலிருக்கும் கூடையைப் பார்த்ததுமே கடைக்காரர்கள் "ஞாயித்துக்கிழமை அமாவாசைக்கா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

முன்னோர் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விடும் தர்ப்பணத்துக்கு வேண்டிய சாமான் கொஞ்சம்தான். கறுப்பு எள் ஐம்பது கிராம், தர்ப்பை ஒரு பிடி, ஒரு கை பச்சரிசி, ஒரு சொம்பு, ஒரு தாம்பாளம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். அந்தக் கொஞ்சத்தில்தான் பிசகு நிறைய நடக்கிறது.

முதலில் எள். இங்கே பேரங்காடிகளில் அழகான பொட்டலத்தில் கிடைக்கும் கறுப்பு எள்ளில் பாதி வறுத்தது, சமையலில் தூவுவதற்காக விற்பது. பொட்டலத்தின் பின்னால் சின்ன எழுத்தில்தான் போட்டிருக்கும். வறுத்த எள் தர்ப்பணத்துக்கு ஆகாது. வாயில் நாலு மணி போட்டுக் கடித்தால் தெரிந்துவிடும்: வறுத்தது நொறுங்கி வாசம் வரும், பச்சை எள் லேசாகக் கசந்து மென்று போகும். பூசைச் சாமான் கடையில் நூறு கிராம் பச்சை எள் ஒன்றரை வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கிடைத்தது. ஒரு வீட்டுக்கு அதில் பாதியே போதும்.

அடுத்தது தர்ப்பை. கடை வாசலில் தொங்கும் கட்டெல்லாம் இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டிய புல். பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் நுனி போயிருக்கும். முன்னோரை அழைத்து இருத்தும் தர்ப்பை முடிச்சுக்குக் கூர்ச்சம் என்று பெயர், நுனியில்லாத புல்லில் அதைக் கட்டுவதில்லை.

"அக்கா, நுனியோட இருக்கிற கட்டு இருக்கா?"

"உள்ள இருக்கு ஐயா. யாரும் கேக்கிறதில்ல, அதான் வெளிய வைக்கல."

மூன்று வெள்ளிக்கு ஒரு கட்டு கொடுத்தார். அறுபது எழுபது புல் இருக்கும், இரண்டு வீட்டுக்கு ஆகும். கணக்கு இதுதான்: விரலில் போடும் பவித்திரத்துக்கு மூன்று புல் (நல்ல காரியத்துக்கு இரண்டு, பித்ரு காரியத்துக்கு, அதாவது முன்னோருக்குச் செய்வதற்கு மூன்று, சாவுச் சடங்குக்கு ஒன்று), கூர்ச்சத்துக்கு ஐந்தோ ஏழோ, பித்ருக்களுக்கு ஆசனமாக மூன்று, காலடியில் போட்டுக்கொள்ள இரண்டு, விரலிடுக்கில் வைத்துக்கொள்ள சில. குளிரூட்டிய கடையில் நாள்கணக்கில் கிடந்த புல் காய்ந்து போயிருக்கும், முறுக்கினால் படக்கென்று ஒடியும். பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்த பிறகு முறுக்க வேண்டும். இதைத் தெரியாமல் முறுக்கிப் பாதிக் கட்டை வீணாக்குகிறவர்கள் அதிகம்.

மதியம் தேக்கா உணவங்காடியில் உட்கார இடமில்லை. காலியாக இருந்த மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தது. இங்கே அதற்கு "ஆள் இருக்கிறது" என்று பொருள். திரும்பி நடந்தபோது அந்தப் பொட்டலத்துக்குரிய சீன அம்மா தட்டோடு வந்து, பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு எதிர் நாற்காலியைக் காட்டினார். தயிர்ச்சாதமும் ஊறுகாயும் நாலரை வெள்ளி. அவர் சாப்பிட்டு எழுந்தபோது எங்கள் தட்டையும் சேர்த்து எடுத்துப் போய்த் தட்டு வைக்கும் இடத்தில் வைத்தார்.

தங்கியிருப்பது பிடாடாரியில், உட்லீ நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழுந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில். இந்த இடத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுத வேண்டியிருக்கிறது.

19 செப்டம்பர், வெள்ளி. சுவா சூ காங்

தீவின் மேற்கு மூலைக்குப் பேருந்தில் நெடும்பயணம். ஏறும்போது வெயில், இறங்கும்போது மழை. குடை இருந்தும் கால் முழங்கால் வரை நனைந்தது.

சிங்கப்பூரில் அடக்கத்துக்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடு சுவா சூ காங். 1998 முதல் இங்கே ஒரு குழிக்கு 15 ஆண்டுதான் கணக்கு. அதன்பின் தோண்டி எடுத்து, தகனம் செய்யலாம் என்கிற சமயத்தாருடைய எச்சங்களைத் தகனம் செய்கிறார்கள். தமிழர்களில் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள் பல உண்டு. "தாத்தாவின் குழியே போன பிறகு எங்கே போய்க் கும்பிடுவது?" என்பது அவர்களுடைய கேள்வி. தர்ப்பணம் குழியைப் பார்த்துச் செய்வதில்லை, பெயரைச் சொல்லிச் செய்வது. குழி போனாலும் பெயர் இருந்தால் போதும். பெயர் போனால்தான் சிக்கல்.

அந்தச் சிக்கல் இந்த ஊரில் பெரியது. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும். அடையாள அட்டையில் "சன் ஆஃப்" என்று அப்பா பெயர் இருக்கும். அப்பாவின் பழைய தாளை எடுத்தால் தாத்தா பெயர் கிடைக்கும். முப்பாட்டனார் கப்பலேறாதவர் என்றால் அவர் பெயர் இங்கே எந்தத் தாளிலும் இருக்காது. பெண்கள் பக்கம் இன்னும் கடினம், பாட்டியை வீட்டில் எல்லாரும் பாட்டி என்றே கூப்பிட்டிருப்பார்கள்.

இதற்குச் சாத்திரத்திலேயே வழி இருக்கிறது. பெயர் தெரியாத தந்தையைப் பூமியில் இருப்பவர் என்றும், பாட்டனாரை அந்தரிட்சத்தில் (பூமிக்கும் வானுக்கும் நடுவில்) இருப்பவர் என்றும், முப்பாட்டனாரை ஆகாயத்தில் இருப்பவர் என்றும் சொல்ல ஆபஸ்தம்பர் என்ற முனிவர் வகுத்த வழி இடம் தருகிறது. கோத்திரம் தெரியாதவருக்குக் காசியப கோத்திரம். சைவக் குடும்பங்கள் சிவ கோத்திரம் என்று சொல்வதும் வழக்கம். ஆனால் இதெல்லாம் கேட்டும் கிடைக்காத பெயருக்குத்தான். ஊரில் ஒரு பெரியம்மா உயிரோடு இருக்கும்போது கேட்காமல் விட்டுவிட்டு "பூமியில் இருப்பவர்" என்று சொல்வது சோம்பல். இந்த வாரமே தொலைபேசியில் கேட்டு, அப்பா பக்கம், அம்மா பக்கம், இரு பக்கத்துப் பெண்கள் என்று மும்மூன்றாகப் பன்னிரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதி, பூசை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

இடுகாட்டு வளாகத்திலேயே 2021இல் திறந்த அமைதிப் பூங்கா இருக்கிறது. அஸ்தியை மண்ணில் தூவும் இடம். எல்லாச் சமயத்தாருக்கும் பொது என்பதால் படையல், ஊதுவத்தி கிடையாது, பெயர்ப் பலகையும் இல்லை. நம்மவர்கள் பெரும்பாலும் கடலைத்தான் நாடுகிறார்கள். அதற்கென்று வகுத்த இடம் செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில், காலை 7 முதல் மாலை 7 வரை. படகில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது காற்று. முகத்தில் காற்று அடிக்கும் பக்கம் நின்று தூவினால் அஸ்தி நம் மேலேயே திரும்பி வரும். காற்று முதுகில் படும் பக்கம் போய், குனிந்து, நீர்மட்டத்துக்கு அருகில் பிடித்து மெல்லச் சரிக்க வேண்டும். துணி, பிளாஸ்டிக் பை, பூமாலையின் நார் எதையும் கடலில் விடக்கூடாது. உதிரிப்பூ போதும்.

20 செப்டம்பர், சனி. சிராங்கூன் சாலை

முதல் புரட்டாசிச் சனி. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து வரிசை நடைபாதையில் நீண்டு கிடக்கிறது. 1855இல் தொடங்கிய கோயில், 1978இல் தேசிய நினைவுச் சின்னம் ஆனது. மஞ்சளும் நாமமுமாக மக்கள். இன்று சதுர்த்தசியும் சேர்ந்திருக்கிறது. விபத்திலோ ஆயுதத்தாலோ போனவர்களுக்கு மகாளயத்தில் உரிய நாள். நாளைக்கு இன்னொரு கோயிலில் பொதுத் தர்ப்பணத்துக்குப் பெயர் கொடுக்கப் போனால், காலை இரண்டு அமர்வுக்கும் இடம் முடிந்துவிட்டது, மூன்றாவது அமர்வு பதினொன்றரைக்கு என்றார்கள். சீட்டு வாங்கிக்கொண்டோம். யோசித்தால் அதுதான் நல்லது. ஏனென்று சொல்கிறேன்.

பித்ரு காரியத்துக்குச் சிறந்த நேரம் குதப காலம். பகலைப் பதினைந்தாகப் பிரித்தால் எட்டாவது பங்கு, அதாவது சூரியன் உச்சியில் நிற்கும் வேளையின் முன்னும் பின்னுமாக நாற்பத்தெட்டு நிமிடம். இந்த வாரம் சென்னையில் உச்சி ஏறக்குறைய 12.02க்கு, அதனால் அங்கே குதபம் 11.38 முதல் 12.26 வரை. சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12.58க்கு! இங்கே குதபம் 12.34 முதல் 1.22 வரை. இங்குள்ள கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 சனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை மேலும் அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் வளர்ந்த தாத்தாக்கள் "பன்னிரண்டரைக்குள் முடிச்சிடு" என்று சொல்லிவைத்தது அந்தக் காலக் கடிகாரத்துக்கு. அதையே இன்றும் பிடித்துக்கொண்டு காலை எட்டுக்கே முடித்து அலுவலகம் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோயிலில் கூட்டம் தாங்காது, அதனால் விடியற்காலை முதல் அமர்வு வைக்கிறார்கள், அது புரிகிறது. வீட்டில் செய்கிறவருக்கு அவசரமே இல்லை. பிற்பகல் ஒன்றுக்கு உட்காரலாம். பிற்பகல் வேளையான அபரான்னம் இங்கே ஏறக்குறைய 2.10 முதல் 4.35 வரை, அதுவும் உகந்ததே.

திதியும் அப்படித்தான். ஊர்ப் பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தோடு இரண்டரை மணி கூட்ட வேண்டும். நாளைய அமாவாசை சிங்கப்பூர் நேரப்படி ஞாயிறு அதிகாலை மூன்று வாக்கில் பிறந்து, திங்கள் அதிகாலை நான்கு வாக்கில் முடிகிறது. இந்த முறை பகல் முழுக்க அமாவாசை, குழப்பமில்லை. நாளை சூரிய கிரகணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கிரகணம் உண்மைதான், ஆனால் தெரிவது நியூசிலாந்துப் பக்கம், நமக்கு அப்போது நடு இரவு. கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்குத் தர்ப்பணமும் இல்லை, தீட்டும் இல்லை.

மாலை தேக்கா ஈரச்சந்தையில் பிரண்டை இரண்டு வெள்ளிக்கு ஒரு கட்டு. சிராத்தத்தில் பாகற்காய் நூறு கறிக்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று சொல்வார்கள். பிரண்டையைச் சுத்தம் செய்யும்போது கையில் நல்லெண்ணெய் தடவாவிட்டால் இரவு முழுக்க அரிக்கும். கணுவுக்குக் கணு ஒடித்து, நாலு ஓரத்து நாரையும் உரித்து, இளசை மட்டும் எடுத்து, பச்சை நிறம் போய்ப் பழுப்பேறும் வரை எண்ணெயில் வதக்க வேண்டும். அரைவதக்கலில் இறக்கினால் தொண்டையில் பிடிக்கும். வறுத்த உளுந்து, மிளகு, கொஞ்சம் புளி, உப்பு வைத்து அரைத்தால் துவையல். மிளகாய், பெருங்காயம் கூடாது.

21 செப்டம்பர், ஞாயிறு. மகாளய அமாவாசை

விடியற்காலை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. ஐந்தே முக்காலுக்குக் கிழக்கில் வெளிச்சம் வரவில்லை, மேற்கிலிருந்து காற்றுதான் வந்தது. சுமத்ரா தீவில் உருவாகி நீரிணையைக் கடந்து அதிகாலையில் வந்து அடிக்கும் சூறை இது, இந்தப் பருவத்தில் வழக்கம். ஐந்து நிமிடத்தில் வாழையிலை, தர்ப்பை, எள் வைத்த காகிதம் எல்லாம் பறந்தது. கரையில் இருந்த பத்துப் பதினைந்து குடும்பமும் கொட்டகைக்குள் ஓடின. அங்கே முந்திய இரவு கூடாரமடித்துத் தங்கியிருந்த ஒரு மலாய்க் குடும்பம் பாயைச் சுருட்டி இடம் கொடுத்தது. அந்த வீட்டுப் பையன் மழைக்குள் ஓடிப்போய், உருண்டுகொண்டிருந்த ஒரு பித்தளைச் சொம்பைப் பிடித்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

கடற்கரைக்கு வருகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அமாவாசையன்று கடல் ஏற்றமும் வற்றமும் மற்ற நாளைவிட அதிகம். பாசி படிந்த கல்லில் வயதானவர்களை இறக்காதீர்கள். கடலில் முழுகிவிட்டு, எள்ளும் நீரும் விட்டுக் கரையேறினால் போதும். பிண்டம், தேங்காய், பழம், துணி, விளக்குத் தட்டு எதுவும் கடலுக்குள் போக வேண்டியதில்லை. அலை அதைத் திரும்பக் கரைக்கே கொண்டுவரும், காலை உலாப் போகிறவர் காலில் படும், படம் எடுத்துப் போடுவார்கள். பொது இடத்தில் குப்பை போட்டதற்கு அபராதமும் உண்டு. பித்ருக்களுக்குக் கொடுத்தது பிறர் காலில் மிதிபடுவதுதான் அபராதத்தைவிடப் பெரிய குறை.

பதினொன்றரை அமர்வு பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கியது. தாமதத்தால் சரியாகக் குதபத்தில் விழுந்தது. எண்பது பேர் தெற்கு நோக்கி வரிசையாக. பூணூல் உள்ளவர்கள் வலத்தோளுக்கு மாற்றினார்கள், இல்லாதவர்கள் மேல்துண்டை மாற்றினார்கள். காலமும் இடமும் சொல்லித் தொடங்கும் சங்கல்பத்தில் விசுவாவசு வருடம், தட்சிணாயனம், வர்ஷ ருது, கன்யா மாதம் எல்லாம் சொல்லி, "பாரத வர்ஷே" வர வேண்டிய இடத்தில் குருக்கள் சிங்கப்பூர் என்றே சொன்னார். நிற்கிற மண்ணின் பெயரைச் சொல்வதுதான் முறை.

அதன்பின் கூர்ச்சத்தைத் தாம்பாளத்தில் வைத்து, எள் தூவிப் பித்ருக்களை அழைத்து, ஆசனம் கொடுத்துத் தர்ப்பணம். தந்தை வழியில் மூவர், தாய், அப்பாவின் அம்மா, அவருடைய மாமியார் என்று மூவர், அம்மாவின் தகப்பனார் வரிசையில் மூவர், அவர்கள் மனைவியர் மூவர், ஆக பன்னிரண்டு பெயர், ஆளுக்கு மும்மூன்று முறை. முப்பத்தாறு முறையும் முப்பது மில்லி வீதம் விட்டால் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்தவர்களுக்குப் பாதியிலேயே வழிந்து ஓடியது. பன்னிரண்டு அங்குல அகலமும் ஓர் அங்குல விளிம்பும் உள்ள தாம்பாளம் கொண்டுவாருங்கள். அம்மா உயிரோடு இருக்கிறவர்கள் அம்மா இடத்தில் பாட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்து வரிசையில் ஒரு பையன் பழக்கத்தில் அம்மா பெயரைச் சொல்லப் போய், அருகில் அமர்ந்திருந்த அம்மாவே அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

நீர் விடுவது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே. உள்ளங்கையில் எள்ளை வைத்து, இடக்கையால் சொம்பைச் சாய்த்து, எள்ளும் நீரும் சேர்ந்து அந்த இடுக்கு வழியே தாம்பாளத்துக்குப் போக வேண்டும். விரல் நுனி வழியே விட்டால் அது தேவர்களுக்கு. கையை லேசாக வலப்பக்கம் சாய்த்தால் தானாக இடுக்கு வழியே இறங்கும். எள்ளை ஆள்காட்டி விரலால் தொடுவதில்லை.

அமாவாசைத் தர்ப்பணத்தோடு மகாளயத்துக்கு என்று கூடுதலாக உண்டு: சித்தப்பா, அத்தை, மாமா, அண்ணன், ஆசிரியர், நண்பர். இவர்களைக் காருணிக பித்ருக்கள் என்பார்கள். கடைசியில் கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்த்து, "யேஷாம் ந மாதா ந பிதா" என்று சொல்லி மிச்ச எள்ளையும் நீரையும் விட்டார்கள். தாயோ தந்தையோ உறவோ இல்லாமல் போனவர்கள் அனைவரும் திருப்தியடையட்டும் என்று பொருள். பெரும்பாலோர் இந்த இடத்தில் எழுந்து துண்டை உதறுகிறார்கள். எழாதீர்கள்! இந்த ஊரில் இது யாருக்கு என்று கேட்டால் பதில் கண்ணெதிரே நிற்கிறது. 1825 முதல் 1873 வரை இந்தியாவிலிருந்து கைதிகளை இங்கே கொண்டுவந்து சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் வைத்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் கையால் எழுந்தது. அவர்களில் இங்கேயே செத்தவர்களுக்குத் திதி கொடுத்தது யார்? கடைசி உத்தரணி (சிறு கரண்டி) நீர் அவர்களுக்கும் உரியது.

வெளியே வரும்போது ஒரு தம்பி வந்து நின்றான். அறந்தாங்கிப் பக்கம், கப்பல் பட்டறையில் வேலை, ஞாயிறு விடுமுறை. அப்பா தவறி ஓராண்டு ஆகப்போகிறது. கைப்பேசியில் அண்ணன் அனுப்பிய செய்தியைக் காட்டினான். செய்தி வந்த நேரம் நள்ளிரவு தாண்டி 1.20. அந்தத் தேதியை வைத்தே திதி எழுதி வைத்திருந்தான். ஊரில் அப்போது மணி 10.50, முந்தைய தேதி. உயிர் பிரிந்த இடத்தில், பிரிந்த நேரத்தில் என்ன திதி என்பதுதான் கணக்கு. ஆண்டுதோறும் அந்தத் திதியைக் கொடுக்கும்போது மட்டும் தான் இருக்கும் ஊரின் பிற்பகலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "அப்ப ஒரு நாள் தள்ளிக் குடுத்திருப்பேன் சார்" என்றான். அண்ணனுக்கு அங்கேயே அழைத்து, நேரத்தை மறுபடி கேட்டுக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டான்.

தங்கியிருக்கும் வீட்டுக்கு வந்ததும் படையல். வாசலில் ஒட்டிய கோலம், உரிக்க முடியாதது. தர்ப்பணம் முடியும்வரை வாசலில் கோலம் போடுவதில்லை என்பதால் சிலர் அதன்மேல் பாயைப் போட்டு மறைக்கிறார்கள். புதிதாகப் போடாமல் இருப்பதுதான் விதி. இருப்பதை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தலைவாழை இலையில் வாழைக்காய்ப் பொரியல், பயத்தம்பருப்புப் போட்ட புடலங்காய்க் கூட்டு, சேப்பங்கிழங்கு, பாகற்காய், பிரண்டைத் துவையல், உளுந்து வடை, எள்ளுருண்டை, பாயசம். இலை ஓரத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் கோப்பி ஓ, பால் சேர்க்காத காப்பி. அந்த வீட்டில் மறைந்த பெரியவர் தினம் இரண்டு வேளை காப்பிக்கடையில் குடித்தது. வீட்டம்மா அதைக் கீழே கடையிலிருந்தே வாங்கி வந்து, சூடு ஆறும் முன் மூடியைத் திறந்து குவளையில் ஊற்றி வைத்தார். சமையலில் விட்ட சாத்திரக் கணக்கு ஏதாவது இருந்தால் அதை இந்தக் குவளை நிரப்பிவிடும் என்று நம்புகிறேன்.

சாம்பிராணி போட்டதும் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. 2018 சூன் முதல் புதிய வீடுகளில் இது கட்டாயம். கரியை வெளியே கொளுத்தி, நன்றாகத் தணலானபின் உள்ளே எடுத்துவந்து, கருவிக்கு நேர்கீழே வைக்காமல் சன்னலோரம் வைத்துத் தூள் தூவினால் சத்தம் போடாது. எதிர் வீட்டு மலாய் அம்மா பதறிக் கதவைத் திறந்தவர், இலையைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு மெல்லச் சாத்திக்கொண்டார். ஹோமத்தோடு சிராத்தம் இந்த வீடுகளில் இயலாது. அரிசி, காய், பருப்பைத் தட்சிணையோடு கொடுக்கும் ஆம சிராத்தம் அதற்குத்தான் இருக்கிறது.

காக்கைக்கு வருவோம். வனவிலங்குச் சட்டப்படி சிங்கப்பூரில் காக்கைக்குச் சோறு வைப்பது குற்றம், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். வீட்டுக் காகம் இந்தத் தீவுக்கு வெளியிலிருந்து வந்து பெருகிய பறவை, ஆட்களைக் கொத்துகிறது என்று கூட்டைக் கலைக்கிறார்கள், பொறி வைக்கிறார்கள். சன்னல் விளிம்பில் ரகசியமாக வைத்த உருண்டை மாடிக்கு மாடி உருண்டு கீழ் வீட்டுத் துணியில் விழுவதும் நடக்கிறது. மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயத்தில் பிண்டம் சேர வேண்டிய இடங்களாகப் பசு, அந்தணர், ஆடு, அக்னி, தண்ணீர் என்று வருகிறது, சிலர் பறவைகளுக்குக் கொடுப்பதாகவும் அடுத்து வருகிறது. காக்கைக்குப் போடுவது தனிப் பலி. அதை நெல்லிக்காய் அளவு பிடித்து, பெயர் சொல்லி இலையில் வைத்து, பிறகு வீட்டுப் பூந்தொட்டி மண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்தில் புதைத்துவிடலாம். எள் நீரும் அதே தொட்டிக்கு, துளசிச் செடிக்கு வேண்டாம். கழுவுதொட்டியில் கொட்டினால் எள் வளைகுழாயில் தங்கிவிடும். காக்கைக்கு வைக்க முடியாத சோறு மனிதனுக்குப் போகட்டும். ஒன்பது பொட்டலம் கட்டி, பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் ஞாயிறும் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்தோம்.

இந்தக் கட்டடம் நிற்கும் இடம் பழைய பிடாடாரி இடுகாடு. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லாருக்கும் தனித்தனிப் பகுதி இருந்தது. 1972இல் மூடி, 2001 முதல் 2006 வரை தோண்டி எடுத்தார்கள். உரிமை கோர ஆள் வந்த குழியும் உண்டு, வராத குழியும் உண்டு. மதியம் கோயிலில் அவிழ்த்த முடிச்சை நினைத்துக்கொண்டேன். இலையை எடுக்குமுன் வீட்டம்மா இன்னொரு கை எள்ளை எடுத்து, "இங்கே படுத்திருந்தவங்களுக்கும்" என்று நீர் விட்டார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இரவு கீழே நகர மன்றம் வைத்த இரும்புத் தொட்டிகளில் நெருப்பு. மறைந்தவர்களுக்குப் படைக்கும் சீனர்களின் ஏழாம் மாதத்துக்கும் இன்றுதான் கடைசி நாள், இந்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் முடிகின்றன. காகிதப் பணத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், மேல் துண்டையும் திருநீற்றையும் பார்த்துவிட்டு "உங்களுக்கும் இன்றைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றதும், தரையில் வைத்திருந்த படையலைச் சுற்றிப் போகக் கையால் வழி காட்டினார்.

22 செப்டம்பர், திங்கள்

நவராத்திரி தொடங்கிவிட்டது. கேம்பல் லேனில் கொலு பொம்மைகள் இறங்கியிருக்கின்றன, தாமரையில் உட்கார்ந்த சின்ன லட்சுமி பன்னிரண்டு வெள்ளி. தூக்கம் போதாமல் கால் கனக்கிறது, ஆனால் காற்று நேற்றைவிடக் குளிர்ச்சி. காலையில் வீட்டம்மா வாசலில் அரிசிமாவால் கோலம் போட்டிருந்தார், ஒட்டிய கோலத்துக்கு மேலேயே.

மிச்சம் இருந்த தர்ப்பையை ஈரம் போக உலர்த்தி, காகிதத்தில் சுற்றி, அறந்தாங்கித் தம்பி தங்கும் விடுதிக்கு அனுப்பியாகிவிட்டது. ஆவணி அமாவாசையில் பறித்த புல் என்றால் ஓராண்டு தாங்கும், மற்ற அமாவாசையில் பறித்தது ஒரு மாதம். கடைக்கார அக்காவிடம் கேட்டதற்கு ஆவணியில் வந்த கட்டு என்றார். அடுத்த அமாவாசைக்குத் தேதி குழம்ப வேண்டாம்: தீபாவளி அக்டோபர் 20, அன்று மாலை ஆறேகாலுக்குத்தான் இங்கே திதி பிறக்கிறது. தர்ப்பணம் 21, செவ்வாய், பிற்பகல்.